ஒட்டினேனா, ஒட்டியிருப்பேனா

2023 ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, வாலாஜாபேட்டையில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "சார், லண்டன் கோர்ட்டுல இருந்து உங்களத் தேடிகினு அமீனா வந்துகீறாரு, இன்னா சொல்லட்டும்?" என்று கேட்டார். வந்தவர் வேலூர் நீதிமன்றத்தின் அமீனா. ஆனால் அவர் கையில் இருந்த சம்மனோடு இணைத்திருந்த தாள்களின் தலைப்பில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் பெயர் இருந்ததால் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லிவிட்டார். என் பெயருக்குக் கீழே 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று போட்டிருந்தது. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோது வந்த பெயர் அது. பிறகு அது வேலூர் மாவட்டமாகி, 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோனதால், வாலாஜாபேட்டை இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நானோ ஓய்வு பெற்ற பிறகு காட்பாடிக்கு வந்துவிட்டேன். 1993-இல் வேலைக்குச் சேர்ந்தபோது, தோல் பதனிடும் டேனரியின் பணியாளர் பதிவேட்டில் நான் எழுதிக் கொடுத்த முகவரி, முப்பது ஆண்டுகள் கழித்து லண்டனையும் தில்லியையும் சென்னையையும் சுற்றி, இல்லாத ஒரு மாவட்டத்தைத் தேடிக்கொண்டு வந்திருந்தது.

இதற்கு முன்கதை உண்டு. ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில், ஆய்வுக்கூடப் பொறுப்பில் 27 ஆண்டுகள் இருந்தேன். 2018 கார்த்திகையில் அங்கிருந்து கையுறை செய்வதற்கான ஆட்டுத் தோல் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்துக்குக் கப்பலேறியது. போன சரக்கில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். இருக்க வழியில்லை என்று இவர்கள் சொன்னார்கள். பேச்சு முற்றி அது லண்டனில் வழக்காகியது. யார் பக்கம் நியாயம் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, நிறுவனங்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எழுதாமல் விடுவதற்கு மரியாதை மட்டும் காரணமல்ல என்பது போகப்போக விளங்கும்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு சில வரிகள். தோலைக் குரோமியத்தில் பதனிடும்போது நாம் போடுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது தோலோடு பிணைந்து நின்றுவிடும், அதனால் பெரிய கேடில்லை. அதே குரோமியம் சூட்டாலும் வறட்சியாலும் வெளிச்சத்தாலும், சில எண்ணெய்களின் சேர்க்கையாலும், ஆக்ஸிஜனேற்றம் பெற்று ஆறு இணைதிறனுக்கு மாறிவிட்டால் தோல் அழற்சி உண்டாக்கும், நச்சாகும். உடம்பில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதனிடும்போது இல்லாத நஞ்சு, கப்பலில் பெட்டிக்குள் வெந்துகொண்டு போகும் வாரங்களில் புதிதாகப் பிறக்கவும் கூடும். அதற்காகத்தான் மாதிரித் துண்டை 80 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வறட்டி வைத்து, முதுமையடையச் செய்து, பிறகு சோதிக்கும் முறையும் வந்தது. சோதனையில் சாறு ஊதா நிறமாக மாறினால் வயிற்றில் புளி கரைக்கும். தெளிவாக நின்றால் அன்று மதியச் சோறு ருசிக்கும்.

குரோமியம் என்ற சொல் எங்கள் பக்கத்து நீதிமன்றக் கட்டுகளுக்குப் புதிதுமல்ல. பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னபோது, வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட மாவட்டங்களின் டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. அந்த நாளில் நானும் அதே தொழிலில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

2021 ஐப்பசியில் முதலில் வந்தது சம்மன் அல்ல, ஒரு மின்னஞ்சல். வாங்கிய நிறுவனத்தின் லண்டன் வழக்குரைஞர்கள், மாதிரித் துண்டு எடுத்த பதிவேட்டில் என் கையெழுத்து இருப்பதால் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டு, ஆறு பக்க ஆங்கில வாக்குமூலம் ஒன்றையும் தாங்களே எழுதி, கையெழுத்துக்காக அனுப்பியிருந்தார்கள். மோசடி என்று நினைத்து அதை இரண்டு நாள் திறக்கவே இல்லை. திறந்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தபோது, அதில் 'நான்' என்று வரும் ஆள் எனக்கு அறிமுகமில்லாதவராக இருந்தார். என்னைவிட நன்றாகப் பேசினார். எதிலும் சந்தேகமே இல்லாதவராக இருந்தார். நான் போகாத ஏற்றுமதிக் கிடங்குக்குக்கூடப் போய் வந்திருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு வேலூரில் வழக்கறிஞராக இருக்கும், நாங்கள் வக்கீல் அண்ணன் என்று கூப்பிடும் பெரியவரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது, பயப்பட வேண்டாம் என்பது. ஒரு நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரம் அந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். லண்டன் நீதிபதி எனக்கு நேராக ஆணையிட்டு, நான் போகாவிட்டால் பிடித்துவர ஆள் அனுப்ப முடியாது. அமெரிக்க நீதிமன்றங்களுக்கு வெளிநாட்டில் இருப்பவரை நேரே அழைக்கும் சட்டம் ஒன்று உண்டு என்றாலும், அது அமெரிக்கக் குடிமக்களையும் அந்நாட்டில் குடியிருப்பவர்களையும் மட்டுமே கட்டும். பிள்ளைகள் அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிவிட்டு இங்கே வந்து தங்கியிருக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும் என்று அண்ணன் இடையில் ஒரு கிளைக்கதை சொன்னார். அது வேறு நாளைக்கு.

இரண்டாவதாகச் சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. இங்கிலாந்தின் விதிப்படியே அந்த ஆறு பக்கத்தில் நான் கையெழுத்துப் போடக் கூடாது. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே சாட்சியின் எழுத்து வாக்குமூலம் சாட்சியின் சொந்த மொழியிலேயே இருக்க வேண்டும்; மொழிபெயர்ப்பைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். 2021 ஏப்ரல் 6 முதல் அங்குள்ள வணிக, சொத்து நீதிமன்றங்களில் இன்னும் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது. இது நான் நேரில் அறிந்த செய்தி மட்டுமே, வழக்குக்காக வாதாடுவது என் வேலையல்ல என்று எனக்குத் தெரியும், இவை என் சொந்தச் சொற்கள் என்று சாட்சி தன் கைப்பட உறுதி சொல்ல வேண்டும். அண்ணன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அனுப்பியவர்கள் தங்கள் ஊர் விதியையே இந்த ஊர் ஆளிடம் கடைப்பிடிக்கவில்லையே என்ற கோபம் வந்தது. பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். கோபம் பாதி, மீதி, தப்பித்தோம் என்ற நிம்மதி.

அவர்கள் விடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சாட்சி தானாக வராவிட்டால், லண்டன் நீதிமன்றம் அந்த நாட்டு நீதித்துறைக்கு, இந்த ஆளை விசாரித்து வாக்குமூலத்தை அனுப்பித் தாருங்கள் என்று ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதும். ஆணை இல்லை, கோரிக்கைதான். இப்படி நாடுகள் ஒன்றுக்கொன்று சாட்சியம் எடுத்துக் கொடுப்பதற்காக 1970-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் சேர்ந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே, 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் கட்டளையில், 19 முதல் 22 வரையுள்ள விதிகளில், இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அயல்நாட்டு நீதிமன்றம் ஒருவரின் சாட்சியத்தை விரும்புகிறது, வழக்கு உரிமையியல் வழக்கு, சாட்சி தன் எல்லைக்குள் குடியிருக்கிறார் என்ற மூன்றும் உயர் நீதிமன்றத்துக்குத் திருப்தியானால், சாட்சி குடியிருக்கும் இடத்து நீதிமன்றத்துக்கே அந்த வேலையை ஒப்படைக்கலாம். அதே கட்டளையின் 17-ஆவது விதி, விசாரிக்கச் சொன்ன நீதிமன்றம் இந்திய எல்லைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், சாட்சிகளை வரவழைப்பதும் வராதவரைத் தண்டிப்பதும் ஒன்றுபோலவே பொருந்தும் என்கிறது. ஆகவே லண்டனின் வேண்டுகோள், வேலூர் நீதிமன்றம் இருக்கும் சத்துவாச்சாரிக்கு வந்து சேரும்போது ஆணையாகிவிடுகிறது. மதிக்காமல் இருந்தால் 5,000 ரூபாய் வரை அபராதம், பிடியாணை, சொத்து முடக்கம் எல்லாம் நம் நீதிமன்றத்தின் கையிலேயே இருக்கிறது. சீமைத் துரையின் கடிதம் உள்ளூர் அமீனாவின் கையில் வந்த பிறகுதான் அதற்குக் கால் முளைக்கிறது.

எங்கள் தாத்தா தலைமுறையில், நிலத் தகராறில் விட்டுக்கொடுக்காதவர்கள் "சீமைக் கோர்ட்டு வரைக்கும் போவேன்" என்று சூளுரைப்பார்கள். அது வெறும் பேச்சில்லை. 1949 வரை நம் வழக்குகளின் கடைசி மேல்முறையீடு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான் போனது. ஆனாலும் அங்கே போனவை கட்டுகள்தான்; வரப்பை நேரில் பார்த்த சாட்சிகள் யாரும் கப்பலேறவில்லை, அவர்கள் சொன்னது அச்சாகிப் போனது. என் விஷயத்திலும் அதேதான் நடக்கப் போகிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. காணொளியில் சொல்ல முடியாதா என்று கேட்டேன். நம் உச்ச நீதிமன்றமே 2003-இல், மகாராஷ்டிர அரசுக்கும் டாக்டர் பிரபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், இந்தியாவுக்கு வர மறுத்த நியூயார்க் மருத்துவர் ஒருவரைக் காணொளி வழியே விசாரிக்கலாம் என்று சொல்லியிருப்பதை அண்ணன் நினைவூட்டினார். ஆனால் ஒரு நாட்டு மண்ணில் உட்கார்ந்திருப்பவரை இன்னொரு நாட்டு நீதிபதி திரையில் விசாரிப்பதற்கு அந்த நாட்டு அரசு சம்மதிக்கும் என்று தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இங்கிலாந்தின் விதியே எச்சரிக்கிறதாம். கோரிக்கைக் கடிதத்தில் கேட்டிருந்ததும் நேர் விசாரணை. காட்பாடியிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான்.

வீட்டில் இதை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏங்க, இத்தன வருஷம் அவங்க உப்பத் தின்னுட்டு, இப்ப எதிராளி கூப்பிட்டான்னு போவீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுடைய தம்பி, "சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்கு சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சொல்லுவாங்க மாமா. இப்ப சண்டைக்காரங்க ரெண்டு பேரும் சாட்சிக்காரன் கால்ல விழுறாங்க. இன்னாத்துக்கு உங்களுக்கு இந்த வம்பு?" என்றான். பழைய டேனரியிலிருந்தும் ஒருவர் வந்து, அதட்டாமல், காப்பி குடித்துக்கொண்டே, "நம்ம தோலு நல்ல தோலுன்னு உங்களுக்குத் தெரியாததா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். நான் எந்த வேலியின் ஓணான் என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் கருத்து வேறாக இருந்தது.

அந்த நாள்களில் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது சுந்தரர் கதை. புத்தூரில் மணப்பந்தலில் இருந்தவரை, நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்று ஒரு கிழவர் வந்து தடுக்கிறார்; வழக்கோ கிழவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூரில் நடக்கிறது. வெளியூர் அவை என்று சுந்தரர் மறுக்கவில்லை, போகிறார். அந்த அவை கேட்கும் மூன்று சான்றுகள் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. சிறு வயதில் கதாகாலட்சேபத்தில் கேட்டபோது மூன்றாவது சொல்லை நான் கவனிக்கவில்லை. சாட்சி என்று நாம் சொல்வதை அங்கே காட்சி என்கிறார்கள். கண்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் சாட்சிக்காரனிடம் சரக்கு எதுவும் இல்லை.

விசாரணை நாளன்று டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தேன். வாங்கியவர்களுக்காகச் சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞரும், விற்றவர்களுக்காக இன்னொருவரும் வந்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த கேள்விப் பட்டியல் நீதிபதியின் மேசையில் இருந்தது. நான் தமிழில் சொல்வதை நீதிபதி இரண்டு மொழியிலும் பதிவு செய்ய வைத்தார். போய்ச் சேர வேண்டிய இடம் அப்படி.

முதல் சிக்கல் ஐந்தே நிமிடத்தில் வந்தது. மாதிரி எடுக்கும் வேலை யாருடையது என்ற கேள்விக்கு, ஒரே எண்ணில் வரும் தோல் தொகுதியை லாட் என்றே சொல்லிப் பழகிய நான், "அந்த லாட்டை நான்தான் பார்த்தேன்" என்று சொன்னேன். அது ஆங்கிலத்தில் கண்ணால் கண்டேன் என்று பதிவாகிக்கொண்டிருந்ததை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் தடுத்தார். கண்டீர்களா, சோதித்தீர்களா, பொறுப்பில் வைத்திருந்தீர்களா என்று நீதிபதி கேட்டார். நான் விழித்தேன். சமையலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்துக்கொண்டான், கணக்கைப் பார்த்தேன், டாக்டர் பார்த்தார், இரண்டு படம் பார்த்தோம் என்று எல்லாவற்றையும் ஒரே வினையில் போட்டு வாழ்ந்துவிட்டோம். என் 27 ஆண்டு வேலையையே 'பார்த்தேன்' என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அதில் கண் எவ்வளவு, கை எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு என்று யாரும் இதுவரை பிரித்துக் கேட்டதில்லை. பிரித்துச் சொன்னேன்: தோலிலிருந்து துண்டை வெட்டியது நான்; அதைச் சென்னையில் இருந்த வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியது நான்; சோதித்தது அவர்கள்; பெட்டியில் சரக்கு ஏறியதை நான் காணவில்லை.

பிறகு பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். பழைய நீல நிறப் பதிவேடு. அதன் அட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் துணிநாடாகூட என் கைவேலைதான். அந்தக் காலத்தில் நடப்பிலிருந்த 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, நிகழ்ச்சி நடந்த சமயத்திலேயே தான் எழுதியதைப் பார்த்துச் சாட்சி தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது. அடுத்த பிரிவு இன்னும் நுட்பமானது. நிகழ்ச்சி தனியாக நினைவில் இல்லாவிட்டாலும், சரியாகத்தான் எழுதினேன் என்று உறுதியிருந்தால் எழுதியதை வைத்துச் சாட்சி சொல்லலாம். இதை எழுதியவர் எவரோ, ஒரு கிடங்குக் கணக்குப்பிள்ளையின் மனத்தை நன்கு அறிந்தவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கில் துண்டு வெட்டியவனுக்கு ஒரு துண்டு எப்படி நினைவிருக்கும்? பழக்கம்தான் நினைவிருக்கும்.

அந்த வரியில் லாட் எண் 14 என்று இருந்தது. உற்றுப் பார்த்தால், முதலில் 11 என்று எழுதி, இரண்டாவது ஒன்றை நான்காகத் திருத்தியிருப்பது தெரிந்தது. திருத்தியதும் என் கைதான். நாலுக்கு நான் போடும் வால் அப்படியே இருந்தது. திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் போடுவது டேனரியில் கட்டாயம், நானே இளையவர்களைத் திட்டியிருக்கிறேன். இங்கே ஒப்பம் இல்லை. இந்த ஒரு கோட்டில்தான் வழக்கின் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டு 14-ஆம் லாட்டுடையது என்றால், அனுப்பிய சரக்கு இங்கே சோதனையில் தேறியது. துண்டு 11-ஆம் லாட்டுடையது என்றால், தேறியது வேறு சரக்கு.

"பாலித்தீன் உறையில் லாட் எண் சீட்டை யார் ஒட்டினது?" என்று வாங்கியவர்களின் வழக்கறிஞர் கேட்டார்.

"நான்தாங்க ஒட்டியிருப்பேன்."

"ஒட்டினீங்களா, ஒட்டியிருப்பீங்களா?"

கூண்டின் மரச்சட்டத்தை நான் பிடித்திருந்த கை வியர்த்துவிட்டது. நாற்பது ஆண்டு இலக்கணம் படித்தவர்கள்கூட இவ்வளவு துல்லியமாக இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒட்டினேன் என்பது கண்டது. ஒட்டியிருப்பேன் என்பது, வழக்கமாக நான் ஒட்டுவேன், ஆகவே அன்றும் ஒட்டியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு உட்கார்ந்து நான் செய்யும் கணக்கு. நாம் பேசுகிற பேச்சில் பாதி இந்த இரண்டாவது வகை. 'மழை வந்திருக்கும்', 'அவர்தான் சொல்லியிருப்பார்', 'பஸ் போயிருக்கும்' என்று காணாததைக் கண்டதின் பக்கத்திலேயே உட்கார வைத்துப் பேசுகிறோம், யாரும் சண்டைக்கு வருவதில்லை. நீதிபதி எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஒட்டுறது என் வழக்கம். அன்னைக்கு ஒட்டினதா தனியா நினைவு இல்லைங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எடுத்த நேரம், கூடத்தில் இருந்தவர்கள் கண்ணுக்கு நான் எதையோ மறைக்கிறேன் என்று தெரிய வைத்திருக்கும். இதோ, நானே இங்கே 'இருக்கும்' போட்டுவிட்டேன்.

குறுக்கு விசாரணை அன்று முடியவில்லை. மறுநாளும் வரச் சொன்னார்கள். சாட்சியம் பாதியில் நிற்கும்போது வழக்கைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்று நீதிபதி அறிவுறுத்தினார். இதைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். அன்று இரவு தோசைக் கல்லின் முன்னால் நின்றுகொண்டு மனைவி, "இன்னா கேட்டாங்க?" என்றாள். பேசக் கூடாது என்றேன். முப்பத்திரண்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் இப்படி ஒரு சட்டத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. அவள் நம்பவில்லை, எதிராளி பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றே நினைத்தாள். இரவு முழுவதும் அந்த 11-ஐயும் 14-ஐயும் கூரையில் எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் பழைய முதலாளி தரப்பு வழக்கறிஞர் கேட்டார். அவர் கேட்ட விதம் இதமாக இருந்தது, அதுதான் ஆபத்தாகவும் இருந்தது. இத்தனை ஆண்டு அனுபவத்தில் தவறான எண் போட்டு அனுப்பியதுண்டா, தவறு கண்டால் திருத்துவீர்கள் அல்லவா, அப்படியானால் திருத்திய 14 சரியான எண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு படியிலும் ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது, ஏனென்றால் நானும் அதையே நம்புகிறேன். எங்கள் தோல் நல்ல தோல் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையைக் கேட்டு யாரும் லண்டனிலிருந்து கடிதம் போடவில்லை. திருத்தியது நான், எதற்காகத் திருத்தினேன் என்று நினைவில்லை என்ற இடத்திலேயே நின்றுகொண்டேன். கண்ணால் காணக்கூடிய செய்தியைக் கண்டவரே சொல்ல வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்வதை அண்ணன் முன்பே விளக்கியிருந்தார். கண்டவரும் தான் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது அதற்குள்ளே அடங்கியிருக்கிறது என்று அன்று விளங்கியது.

வாக்குமூலம் முழுவதையும் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். சாட்சிப் படியும் கொடுத்து ரசீதில் ஒப்பம் வாங்கினார்கள். பேருந்துக் கட்டணம் போகக் கொஞ்சம் மிஞ்சியது. கட்டு மூடி முத்திரையிடப்பட்டு சென்னைக்குப் போனது. வெளியே சத்துவாச்சாரி நெடுஞ்சாலை எப்போதும்போல இரைந்துகொண்டிருந்தது. வக்கீல் அண்ணன் தேநீர் வாங்கிக் கொடுத்து, "ரெண்டு பக்கத்துக்கும் உன்னால பிரயோஜனம் இல்ல தம்பி, அப்ப ஒழுங்காத்தான் சொல்லியிருக்க" என்று சிரித்தார்.

எழுத்து வாக்குமூலத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு போட்ட இங்கிலாந்து விதியின் பின்னால் இருக்கும் காரணத்தை அண்ணன் ஒருமுறை சொல்லியிருந்தார். மனித நினைவு ஒரு முறை எழுதி வைத்து நாளடைவில் மங்கும் ஏடு அல்ல. ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் வடிவம் மாறக்கூடியது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறார்களாம். லண்டன் வணிக நீதிமன்றத்தில் நீதிபதி லெகட் 2013-இல் ஒரு தீர்ப்பில் இதை விரிவாகப் பேசி, வணிக வழக்குகளில் சாட்சியின் நினைவைவிட அந்தக் காலத்து எழுத்தாவணங்களையும் தெரிந்த உண்மைகளையும் சார்ந்து முடிவெடுப்பதே நல்லது என்று சொன்னார். அப்போது எனக்கு இது சாட்சிகளை அவமதிப்பதாகத் தோன்றியது. என் நினைவு என்ன களிமண்ணா?

கையெழுத்துப் போட்டு நான்கு மாதம் கழித்து, மார்கழியில், காட்பாடியில் ஒரு நாள் மாலை மின்சாரம் போயிருந்தது. பக்கத்து வீட்டில் புதிதாக வாங்கிய ஜெனரேட்டர் தடதடவென்று ஓடத் தொடங்கியபோது, எந்த முயற்சியும் இல்லாமல் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. டேனரியின் டிரம்கள் உருளும் அதே இரைச்சல். உலர்த்தும் கூடத்தின் கதவருகே நின்று என் உதவியாளன் லாட் எண்ணைக் கத்துகிறான். இரைச்சலில் எனக்குப் 'பதினொண்ணு' என்று கேட்கிறது, எழுதுகிறேன். அவன் கிட்டே வந்து, "பதினாலு சார், பதினாலு" என்கிறான், திருத்துகிறேன், அடுத்த தோல் வந்துவிட்டதால் சுருக்கொப்பம் போட மறந்துபோகிறேன். அவன் தோளில் கிடந்த ஈரத் துண்டுகூடத் தெரிந்தது. இவ்வளவு எளிய காரணம் கூண்டில் நின்றபோது வராமல் போயிற்றே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மின்சாரம் வந்ததும் வக்கீல் அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இதைக் கூடுதல் வாக்குமூலமாகச் சேர்க்க வழி இருக்கிறதா என்று கேட்பதற்காக, தேதி, இடம், லாட் எண், எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, கத்தியவன் பெயரையும் எப்போது வேலைக்குச் சேர்ந்தான் என்பதையும் போட வேண்டும் அல்லவா, அதற்காக அவனுடைய அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவன் சேர்ந்தது 2019 தையில், பொங்கல் கழிந்த மறுவாரம். சரக்கு கப்பலேறியது அதற்கு முந்தின கார்த்திகையில்.